எபிரேயம், அரபு எழுத்தில் உயிர்க்குறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எபிரேயத்திலும் அரபியிலும் உயிரெழுத்தே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. எபிரேயத்தில் 22 எழுத்துகள், அரபியில் 28. அடிப்படையில் எல்லாமே மெய்கள். ஆனால் அவற்றில் சில, நீண்ட உயிரைக் காட்டும் வேலையையும் சேர்த்தே பார்க்கின்றன. அரபியில் ஆகாரத்துக்கு அலிஃப், ஊகாரத்துக்கு வாவ், ஈகாரத்துக்கு யா. எபிரேயத்தில் வாவ் 'ஓ' அல்லது 'ஊ' ஆகும், யோத் 'ஈ' அல்லது 'ஏ' ஆகும், சொல்லின் கடைசியில் வரும் ஹே பெரும்பாலும் 'ஆ' என்று முடியும். ஆகவே எழுதாமல் விடப்படுபவை பெரும்பாலும் குறில்கள்தான். அந்த இடைவெளியை நிரப்பப் பிற்காலத்தில் வந்தவைதான் எழுத்தின் மேலும் கீழும் போடும் சின்னக் குறிகள். அரபியில் அவற்றுக்கு ஹரகாத் என்று பெயர், எபிரேயத்தில் நிக்குத்.

குறில் இல்லாமல் எழுதினால் எப்படிப் படிக்க முடியும்? தமிழில் அப்படி எழுதினால் ஒன்றும் விளங்காதே.

தமிழில் விளங்காது, சரிதான். 'க்', 'ட்' என்று இரண்டு மெய்யை மட்டும் கொடுத்தால் கடி, குடி, கூடு, கொடு, கெடு, கோடு என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். அரபியும் எபிரேயமும் கட்டப்பட்ட விதமே வேறு. அங்கே பொருளின் வேர் மூன்று மெய்களில் இருக்கிறது, உயிர்கள் அந்த வேரை வினையாகவோ பெயராகவோ ஒருமையாகவோ பன்மையாகவோ திருப்பிக் காட்டுகின்றன. அரபியில் க-த-ப என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள்: கதப என்றால் எழுதினான், குதிப என்றால் எழுதப்பட்டது, குதுப் என்றால் புத்தகங்கள், காதிப் என்றால் எழுதுபவன். எங்கே போனாலும் எழுத்து என்ற பொருளின் வட்டத்துக்குள்தான் நிற்கிறோம். மொழி தெரிந்தவருக்கு வேரும் சொல்லின் வடிவமும் வாக்கியத்தில் அது நிற்கும் இடமும் கண்ணில் பட்டாலே, என்ன உயிர் வரவேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

அப்புறம், இது நமக்கு அவ்வளவு அந்நியமான பழக்கமும் இல்லை. ஓலைச்சுவடிகளில் மெய்யின் மேல் புள்ளி போடாமல் எழுதுவதே வழக்கம், எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்துக்குப் பிறகுதான் கொம்பின் சுழியை வைத்து நெடிலைத் தனியே காட்டும் முறை வந்தது. அதற்கு முன்பு சுவடி படித்தவர்கள் இடம் பார்த்து, பொருள் பார்த்து, 'க' என்று இருப்பதை எங்கே 'க்' என்று படிக்கவேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

அப்படியானால் குழப்பமே வராதா?

வரும். நன்றாகவே வரும். அரபியில் மீம், தால், ரா, ஸீன், கடைசியில் தா மர்பூதா என்ற எழுத்து: இந்த ஐந்தையும் 'மத்ரஸா' என்றும் படிக்கலாம், பள்ளிக்கூடம், 'முதர்ரிஸா' என்றும் படிக்கலாம், ஆசிரியை. எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதேபோல 'ஹமாம்' புறா, 'ஹம்மாம்' குளியலறை. எபிரேயத்தில் ச-ப-ர வேரின் மூன்று எழுத்துகளைக் குறியில்லாமல் வைத்தால் 'செஃபெர்' என்ற புத்தகமா, 'சப்பார்' என்ற முடிதிருத்துபவரா, 'சஃபார்' (எண்ணினான்) என்ற வினையா என்பதை வாக்கியம்தான் சொல்லவேண்டும்.

இதனால் விளைந்த மிகப் பழைய குழப்பம் ஒன்று தமிழ் விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். ஆதியாகமம் 47:31இல் முதுமையில் யாக்கோபு தொழும்போது கட்டிலின் தலைமாட்டில் சாய்கிறார். அதே நிகழ்ச்சியைச் சொல்லும் எபிரெயர் 11:21இல் கோலின் முனையில் சாய்கிறார். கட்டிலா கோலா? எபிரேயத்தில் 'மித்தா' கட்டில், 'மத்தே' கோல், இரண்டுக்கும் மெய்கள் ஒன்றே. கி.மு. காலத்தில் கிரேக்க மொழிக்குப் பெயர்த்தவர்கள் குறியில்லாத ஏட்டை 'மத்தே' என்று படித்தார்கள், எபிரெயர் நிருபம் அந்தக் கிரேக்க வாசகத்தைப் பின்பற்றியது. பின்னாளில் எபிரேயத்துக்குக் குறி போட்டவர்கள் 'மித்தா' என்று படித்தார்கள். உயிர்க்குறி என்பது ஒருவர் அந்த வரியை வாய்விட்டு எப்படிப் படித்தார் என்பதன் பதிவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

இந்தக் குறிகளை யார் உண்டாக்கினார்கள்?

அரபியில் முதலில் சொல்லப்படும் பெயர் இராக்கிலுள்ள பஸ்ராவின் அபுல் அஸ்வத் அத்துஅலீ, 7ஆம் நூற்றாண்டுக்காரர். குர்ஆனின் 9:3 வசனத்தில் 'ரஸூலுஹு' என்று வரவேண்டியதை ஒருவர் 'ரஸூலிஹி' என்று ஓதக் கேட்டு அதிர்ந்துபோய் இந்த வேலையில் இறங்கினார் என்று மரபுக் கதை சொல்கிறது. ஒரு உகரம் இகரமானதில் "இறைவனும் அவன் தூதரும் இணைவைப்போரிடமிருந்து விலகியவர்கள்" என்ற பொருள், "இறைவன் இணைவைப்போரிடமிருந்தும் தன் தூதரிடமிருந்தும் விலகியவன்" என்று தலைகீழாகிவிடுகிறது. அவர் முறையில் குறிகள் எல்லாமே வேறு நிற மையில் இட்ட புள்ளிகள்: மேலே இட்டால் அகரம், கீழே இட்டால் இகரம், பக்கத்தில் இட்டால் உகரம். இன்று நாம் காணும் வடிவங்களைத் தந்தவராக 8ஆம் நூற்றாண்டில் அதே பஸ்ராவில் வாழ்ந்த இலக்கண மேதை அல் கலீல் இப்னு அஹ்மதைச் சொல்கிறார்கள்.

எபிரேயத்தில் ஒரே ஆள் இல்லை. மசோரெத்துகள் என்று அழைக்கப்படும் அறிஞர்கள் பல தலைமுறையாகச் செய்த உழைப்பு அது. பாபிலோனில் ஒரு முறையும் பாலஸ்தீனத்தில் ஒரு முறையும் இருந்தன, அவற்றில் குறிகள் எழுத்தின் மேலே வந்தன. கலிலேயா ஏரிக் கரையிலுள்ள திபேரியாவில், ஏறக்குறைய 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை உருவான முறைதான் மற்றவற்றை வென்று இன்றுவரை நிற்கிறது. 930 வாக்கில் ஆரோன் பென் ஆஷேர் குறியிட்ட எபிரேய விவிலியப் பிரதியான ஆலெப்போ ஏடு அதன் உச்சம். முழுதாகத் தப்பிய பழைய ஏடு என்றால் 1008 வாக்கில் எழுதப்பட்டு இப்போது செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் லெனின்கிராத் ஏடு.

ஒரு எழுத்தைக்கூட மாற்றத் துணியாமல், இருந்த எழுத்தைத் தொடாமல், அதன் மேலும் கீழும் மட்டும் ஒலியைக் குறித்து வைத்தார்கள். அந்தப் பணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அரபு எழுத்தில் ஏற்கெனவே நிறையப் புள்ளி இருக்கிறதே, அவையும் உயிர்க்குறியா?

இல்லை. பா, தா, ஸா மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். கீழே ஒரு புள்ளி இருந்தால் பா, மேலே இரண்டு தா, மேலே மூன்று ஸா. அந்தப் புள்ளிகள் மெய்யையே வேறுபடுத்துபவை. அவற்றை எந்த அச்சிலும் விடமாட்டார்கள். ஹரகாத் தனி அடுக்கு, வேண்டும்போது மட்டும் மேலே ஏறும்.

சரி, அரபுக் குறிகளை எப்படிப் படிப்பது?

மூன்று குறில்கள்தான். எழுத்தின் மேலே சின்னச் சாய்கோடு ஃபத்ஹா, 'அ'. அதே கோடு கீழே வந்தால் கஸ்ரா, 'இ'. மேலே குட்டி வாவ் போல இருப்பது ளம்மா, 'உ'. இந்தியத் துணைக்கண்டத்தில் உருது வழியாக ஓதக் கற்றவர்களுக்கு இவையே ஜபர், ஜேர், பேஷ். உயிரில்லை என்பதைக் காட்டும் சிறு வட்டம் சுகூன், அது நம் மெய்ப்புள்ளி செய்யும் வேலையையே செய்கிறது. ஷத்தா மெய்யை இரட்டிக்கும், புறாவுக்கும் குளியலறைக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு குறிதான். குறியை இரட்டையாகப் போட்டால் தன்வீன், கடைசியில் ஒரு 'ன்' சேரும். வளைகுடாவில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த 'ஷுக்ரன்' (நன்றி) என்ற சொல்லில் நூன் எழுத்தே கிடையாது, அந்த 'ன்' தன்வீன் தருவது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஃபத்ஹா எல்லா இடத்திலும் ஒரே அகரம் இல்லை. ஸாத், ளாத், தா, ளா போன்ற கனத்த மெய்களுக்குப் பக்கத்தில் அது தொண்டைக்குள் இறங்கி இருண்டு ஒலிக்கும். ஸீனில் தொடங்கும் 'ஸைஃப்' வாள், ஸாதில் தொடங்கும் 'ஸைஃப்' கோடைக்காலம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது, ஆனால் காதில் கேட்டால் முதலில் பிடிபடுவது உயிரின் நிற வித்தியாசமே. ஆகவே தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதியதை வைத்து அரபு உச்சரிப்பு கற்கவேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

எல்லோரும் அறிந்த ஒரு வரியை வைத்து விளக்க முடியுமா?

'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' போதும், ஏறக்குறைய எல்லாமே அதில் வந்துவிடுகிறது. பா எழுத்தின் கீழ் கஸ்ரா, 'பி'. அடுத்தது 'இஸ்ம்' (பெயர்) என்ற சொல். அதன் தொடக்க அலிஃப் இங்கே எழுத்திலேயே விழுந்துவிட்டது. ஸீன் மேல் சுகூன், மீம் கீழ் கஸ்ரா: 'பிஸ்மி'. பிறகு அல்லாஹ் என்ற சொல். அதன் முதல் அலிஃப் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் முன்னால் ஒரு உயிர் இருப்பதால் ஒலிக்காது, 'பிஸ்மி அல்லாஹ்' என்று உடைத்துச் சொல்லாமல் 'பிஸ்மில்லாஹ்' என்று ஒட்டிப் போகும். லாம் மேல் ஷத்தா, அதற்கும் மேல் நுண்ணிய செங்குத்துக் கோடு ஒன்று, குட்டி அலிஃப், அதுதான் 'லா' என்ற நீட்டலைத் தருகிறது. குறியை நீக்கினால் அந்த நெடிலைக் காட்ட எழுத்தே இல்லை. 'ரஹ்மான்' என்பதன் ஆகாரமும் அப்படியே. அதற்கு முன்னால் எழுதியிருக்கும் 'அல்' என்பதன் லாம் ஒலிப்பதில்லை, அடுத்த ராவில் கரைந்து அந்த ரா இரட்டிக்கிறது, ராவின் மேல் இருக்கும் ஷத்தா அதற்குச் சாட்சி.

இன்னொரு நுணுக்கம்: அல்லாஹ் என்ற சொல்லின் லாம், முன்னால் இகரம் இருந்தால் மெலிந்து ஒலிக்கும், அகரமோ உகரமோ இருந்தால் கனத்து ஒலிக்கும். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அல்லாஹு அக்பர் என்று கேட்டுப் பாருங்கள். முந்தின சொல்லின் கடைசியில் இருக்கும் ஒரு சின்னக் கோடு அடுத்த சொல்லின் மெய்யையே மாற்றுகிறது.

எபிரேயக் குறிகளில் இத்தனை வகை ஏன்?

திபேரியா அறிஞர்கள் காதில் விழுந்த ஏழு வகை உயிர்த் தரத்தைப் பிரித்துக் குறித்தார்கள், அதனால். பெரும்பாலானவை எழுத்தின் கீழே வரும். படுத்த கோடு பதாஹ், ஆங்கில T போன்ற சின்ன வடிவம் காமத்ஸ், இன்றைய இஸ்ரேலில் இரண்டுமே 'அ'தான். பக்கத்தில் பக்கமாக இரண்டு புள்ளி ட்ஸேரே, முக்கோணமாக மூன்று புள்ளி செகோல், இரண்டும் 'எ'. ஒற்றைப் புள்ளி ஹிரிக், 'இ'. சாய்வாக மூன்று புள்ளி குபுட்ஸ், 'உ'. எழுத்துக்கு மேலே போகும் ஒரே உயிர்க்குறி ஹோலம், 'ஒ'. வாவின் தலையில் புள்ளி என்றால் ஓ, வாவின் வயிற்றில் புள்ளி என்றால் ஊ, அதற்கு ஷூருக் என்று பெயர். ஆனால் வயிற்றில் புள்ளியுள்ள வாவுக்குத் தனியாக ஒரு உயிர்க்குறியும் இருந்தால் அது ஊ அல்ல, 'வ' என்ற மெய். தொடக்கத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

இன்றைய பேச்சில் ஐந்தே உயிர்கள் மிஞ்சியிருக்கின்றன, குறிகள் மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கின்றன. எல்லா யூதர்களும் ஒரே மாதிரி படிப்பதும் இல்லை. கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி மரபில் காமத்ஸ் 'ஒ' ஆகும், புள்ளியில்லாத தாவ் 'ஸ்' ஆகும். இஸ்ரேலில் 'ஷபாத்' (ஓய்வுநாள்) என்பது அவர்கள் வாயில் 'ஷபொஸ்'. ஏமன் யூதர்கள் பதாஹையும் செகோலையும் ஒரே ஒலியாகப் படிப்பார்கள். ஏட்டில் குறி ஒன்றே, வாய் மூன்று.

காமத்ஸ் சில இடத்தில் 'ஒ' என்று ஒலிக்கிறதே?

ஆமாம், அது காமத்ஸ் காதான், குறுங்காமத்ஸ். ஞானம் என்ற பொருளுள்ள 'ஹொக்மா'வில் முதல் காமத்ஸ் 'ஒ', இரண்டாவது 'ஆ', வடிவத்தில் இரண்டும் ஒன்றே. பொதுவாக அழுத்தம் பெறாத, மெய்யில் முடியும் அசையில் வந்தால் 'ஒ'. சில புதிய பிரார்த்தனை நூல்கள் அதைச் சற்று வேறு வடிவில் அச்சிடுகின்றன, கற்பவருக்குப் பெரிய உதவி.

ஷ்வாவைப் படிக்கவேண்டுமா, விழுங்கவேண்டுமா?

ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி, அதுதான் ஷ்வா. இலக்கணப்படி ஒலிக்கும் ஷ்வா, ஒலிக்காத ஷ்வா என்று இரண்டு. இன்றைய பேச்சில் நாக்குக்கு எது வசதியோ அதுவே நடக்கிறது: 'க்ஃபார்' (கிராமம்) என்பதில் விழுங்குவார்கள், 'பெவகஷா' (தயவுசெய்து) என்பதில் 'எ' என்று ஒலிப்பார்கள். வேதம் வாசிப்பவர்கள் பழைய விதியை அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள்.

எழுத்தின் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறதே, அது ஷத்தா மாதிரியா?

தாகேஷ். பிறப்பில் இரண்டுக்கும் உறவு உண்டு, வலிய தாகேஷ் மெய் இரட்டித்ததைக் காட்ட வந்ததுதான். ஆனால் இன்றைய எபிரேயர்கள் இரட்டித்துச் சொல்வதில்லை, அரபியில் ஷத்தாவை விட்டால் சொல்லே மாறிவிடும். தாகேஷால் இன்று காதுக்குத் தெரியும் பயன் மூன்று எழுத்தில்: பேத் புள்ளியிருந்தால் 'ப' (ஒலிப்புடையது), இல்லாவிட்டால் 'வ'; அதேபோல காஃப் 'க' அல்லது தொண்டையில் உரசும் 'ஹ'; பே 'ப' அல்லது 'ஃப'. ஷின் எழுத்துக்கு மேலே வரும் புள்ளி வேறு கதை, வலப்பக்கம் என்றால் 'ஷ', இடப்பக்கம் என்றால் 'ஸ'.

குறி இருப்பதை அப்படியே படித்தால் தவறாகும் இடங்கள் உண்டா?

உண்டு. எபிரேயத்தில் மெய்யைச் சொல்லிவிட்டுத்தான் அதன் உயிரைச் சொல்லவேண்டும், ஆனால் சொல்லின் கடைசியில் ஹேத் அல்லது அயின் என்ற எழுத்தின் கீழ் பதாஹ் வந்தால் உயிர் முந்திக்கொள்ளும். 'ரூவஹ்' (ஆவி, காற்று), 'மாஷியஹ்' (மேசியா) இரண்டிலும் ஹேத்துக்கு முன்னால் கேட்கும் அகரம் அப்படி வந்ததே.

இதைவிடப் புகழ்பெற்றது இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயர். யூத மரபில் அதை உச்சரிப்பதில்லை, அதற்குப் பதில் 'அதோனாய்' (ஆண்டவர்) என்று வாசிப்பார்கள். அதை நினைவூட்ட ஏட்டில் நான்கு மெய்களுக்கு அடியில் அதோனாய் என்பதன் உயிர்க்குறிகளைப் போட்டு வைத்தார்கள். மெய்யையும் குறியையும் அப்படியே சேர்த்துப் படித்த ஐரோப்பியர்களிடம் பிறந்த வடிவம்தான் நமக்கு 'யெகோவா' என்று வந்திருக்கிறது.

அரபியில், நிறுத்தும் இடத்தில் சொல்லின் கடைசிக் குறில் விழுந்துவிடும். 'கிதாபுன்' என்று குறி இருந்தாலும் அங்கே மூச்சை நிறுத்தினால் 'கிதாப்'.

குர்ஆனில் எல்லா நாட்டிலும் ஒரே குறிகள்தானா?

இல்லை. குர்ஆனை ஓதும் முறைகள் பல. உலகின் பெரும்பகுதியில் வழங்குவது ஹஃப்ஸ் என்ற ஓதல், 1924இல் கெய்ரோவில் வெளியான பதிப்பு அதைப் பரவலாக்கியது. மொரோக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்காவில் வர்ஷ் ஓதல். முதல் அத்தியாயத்தில் தீர்ப்பு நாளின் அதிபதி என்று வரும் இடத்தில் ஹஃப்ஸில் 'மாலிகி', உடையவன். வர்ஷில் 'மலிகி', அரசன். மெய்கள் ஒன்றே, வேறுபாடு ஒரு குட்டி அலிஃப். இரண்டுமே ஏற்கப்பட்ட ஓதல்கள், இரண்டும் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்வழியாக வந்தவை. துணைக்கண்டத்தில் அச்சாகும் பிரதிகள் ஹஃப்ஸ் ஓதலே என்றாலும் நெடில், சுகூன் காட்டும் விதம் அரபு நாட்டு அச்சிலிருந்து சற்று மாறும், ஒன்றில் பழகியவர் மற்றொன்றைப் பார்த்தால் முதலில் கொஞ்சம் திணறுவார்.

தமிழோடு நேரடித் தொடர்பும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ், அரபியில் இல்லாத எகரம், ஒகரத்துக்குப் புதுக் குறிகளையும் ழகரம், ளகரம், ஞகரம் போன்றவற்றுக்குப் புது எழுத்துகளையும் உண்டாக்கிக்கொண்டது.

இவ்வளவு பயனுள்ளதை நாளிதழில் ஏன் போடுவதில்லை?

தாய்மொழிக்காரருக்குத் தேவையில்லை, கண் வேகமாக ஓடுவதற்கு இடைஞ்சலும்கூட. இரண்டு பொருள் வரும் சொல்லுக்கு மட்டும் ஒரு ஷத்தாவோ ளம்மாவோ போட்டுவிட்டு நகர்வார்கள். எபிரேயத்தில் வாவும் யோதும் தாராளமாகச் சேர்த்து எழுதும் 'நிறைந்த எழுத்து' முறை குறிகளின் இடத்தைப் பாதி நிரப்பிவிடுகிறது. முழுக் குறியோடு வருபவை வேத நூல்கள், குழந்தைப் புத்தகங்கள், கவிதை, பாடநூல்கள், அகராதிகள். ஆனால் ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா சுருளில் ஒரு குறிகூட இருக்காது, வாசிப்பவர் முன்கூட்டியே பயின்று மனதில் ஏற்றிக்கொண்டு வருவார்.

குறிகளும் வேதத்தோடு சேர்ந்தே அருளப்பட்டவை என்ற நம்பிக்கை இருந்ததா?

இருந்தது. 1538இல் எலியாஸ் லெவிதா என்ற யூத அறிஞர் எபிரேயக் குறிகள் யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதுக்குப் பிந்தியவை என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் அறிஞர்களிடையே அது கடும் சண்டையானது: குறி மனிதர் போட்டது என்றால் வேதத்தின் பொருளும் மனிதர் கையில் அல்லவா என்று அஞ்சினார்கள். 1675இல் சுவிஸ் திருச்சபைகளின் அறிக்கை ஒன்று குறிகளையும் சேர்த்தே தேவ ஏவுதல் என்று அறிவித்தது. காலம் லெவிதாவின் பக்கமே நின்றது. என் பார்வையில் அதனால் குறிகளின் மதிப்பு குறையவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் வாயில் காத்த ஓசையை ஏட்டில் இறக்கியவை அவை.

பேச்சு அரபிக்கு இந்தக் குறிகள் உதவுமா?

கொஞ்சம்தான். குறிகள் காட்டுவது செந்நடையை. 'கைஃப ஹாலுக' (எப்படி இருக்கிறீர்கள்) என்று குறியிட்டிருப்பதை வளைகுடாவில் 'கேஃப் ஹாலக்' என்பார்கள், அந்த 'ஏ'க்கு ஹரகாத்தில் இடமே இல்லை.

கணினியிலும் கைபேசியிலும் எப்படி?

முதலில் எழுத்து, பிறகு குறி, இதே வரிசையில் தட்டவேண்டும். யூனிகோடில் ஒவ்வொரு குறியும் தனிக் குறியீடு என்பதால், குறியோடு நகலெடுத்த சொல்லைத் தேடினால் பல தளங்களில் ஒன்றும் அகப்படாது. குறியை நீக்கிவிட்டுத் தேடுங்கள். எபிரேயத்துக்குத் தானாகக் குறியிட இஸ்ரேலின் டிக்தா நிறுவனம் தரும் 'நக்தான்' என்ற கருவி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனாலும் பெயர்ச்சொற்களில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கற்பவர் குறியோடு தொடங்குவதா, இல்லாமலா?

குறியோடுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் குறியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொண்டு, நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரின் குரலில் கேட்டபடி குறியைப் பின்தொடருங்கள், பிறகு அதே பத்தியைக் குறியில்லாமல் அச்சிட்டு வாய்விட்டுப் படியுங்கள். தடுக்கும் இடத்தில் மட்டும் குறியுள்ள பிரதியைத் திறந்து பாருங்கள். புதுச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது எப்போதும் முழுக் குறியோடு, வேரையும் பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். அரபியில் ஷத்தாவையும் எபிரேயத்தில் தாகேஷையும் முதல் நாளிலிருந்தே விடாமல் போடுங்கள்.